கடலைச் சட்டியில் கறுப்பு மண்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மழை வரும் போல. காயப் போட்ட மிளகாயை உள்ளே எடுத்தேன். முழங்கால் வலி.

மகளின் மகள் ஸப்னா கெம்பஸிலிருந்து வந்திருக்கிறாள். மண்ணையும் பாறையையும் படிக்கிறாள். இந்தக் கரையில் வேறு எந்தப் பிள்ளை படித்தது? மருமகன் கரைவலை இழுக்கும் பாடு, அந்தக் கரைத் துண்டில் ஆழக் குழி தோண்டி இரண்டு பை கறுப்பு மண் கொண்டு வந்தாள். வியாழன் கம்பெனிக்காரர் அங்கே கம்பி வேலி அடிக்கிறார்கள். இல்மனைட் எடுக்க, இந்தக் கறுப்பு மண்தான் அது. அதோடு பாடு போய்விடும். வலையை எங்கே வளைப்பது?

போனில் ஒரு படம் காட்டினாள். மேல்மண்ணில் ஒரே ஒரு மணல்மணி, பெரிதாக்கியது. உள்ளே கோடு கோடாக, ஓலைப்பாய் மாதிரி.

"கொதிக்கிற பாறைக்குள்ள இது ஒரே பொருளா இருந்திச்சி உம்மும்மா. மெல்ல மெல்ல ஆறக்குள்ள ஒண்டா இரிக்க ஏலாமப் போயிட்டுது. இரும்பு கூடினது ஒரு கோடு, டைட்டானியம் கூடினது ஒரு கோடு. ஆனா ரெண்டும் ஒரே மணலுக்குள்ள."

"பிரிஞ்சும் பிரியாம?"

"ஓம். அரைச்சாலும் கழலாது, காந்தத்துக்கும் பிரியாது. கம்பெனிக்கு வேணும் டைட்டானியம் மட்டும். இந்தப் பையில இரிக்கிற அடிமண்ணும் இப்பிடி எண்டா அவங்களுக்கு நட்டம்தான். எங்கட கெம்பஸ் சேர் எழுதித் தருவாரு. விட்டுட்டுப் போனாலும் போவாங்க."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் விளங்கியது.

மண் ஈரம். நிழலில் காயவிடச் சொல்லிவிட்டுப் புத்தளத்துக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போனாள்.

ஒக். 15, புதன்

விடாத மழை. குசினிக் கூரை ஒழுகல். சீனி முடிந்தது. மண் இன்னும் ஈரம், பை வியர்த்துக் கிடக்கிறது. ஸ. நாளை பஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கடலை வறுக்கும் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். நல்ல விறகு. சட்டியின் அடி சிவக்கும் வரை புரட்டினேன். பொலபொலவென்று வந்தது. புதுப் பையில் கட்டி வைத்தேன். பிள்ளை சந்தோஷப்படும்.

மஃரிப் தொழுகைக்கு முன் வந்தாள். அள்ளி முகர்ந்தாள்.

"உம்மும்மா, இதுல கடலை வாசம் அடிக்குது."

"காய வெச்சன்."

"எதுல?"

சொன்னேன். கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். அந்த அளவு நெருப்புப் பட்டால் உள்ளே இருப்பது மாறுமாம். எது பாறையில் ஆறியது, எது என் அடுப்பில் ஆறியது என்று இனி யாராலும் சொல்ல ஏலாதாம்.

"நிழல்ல போடச் சொன்னேனே உம்மும்மா."

"நிழல்ல எண்டு சொன்ன. சுட வேணாம் எண்டு சொன்னியா?"

குரல் உயர்ந்துவிட்டது. அவள் பையைத் திரும்பக் கட்டி மூலையில் வைத்தாள்.

ஒக். 16, வியாழன்

சுபஹு தொழுத கையோடு மருமகன் கரைக்குப் போனார், திரும்ப மண் எடுக்க. வெறுங்கையோடு வந்தார்.

"கம்பி அடிச்சாச்சி மாமி. குழியயும் மூடிட்டானுகள். ஒரு கை அள்ள விடல்ல." பாணைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார். "கம்பெனில உங்களுக்கு ஒரு வேலை கேட்டுப் பாக்கன். மெஷின் என்னத்துக்கு, கடலைச் சட்டி போதும்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ. சேருக்கு போன் எடுத்தாள். சுட்ட மண்ணை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது என்றுவிட்டாராம். பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். வாசலில் ஸலாம் சொன்னாள், முகம் பார்க்காமல். பைகள் இரண்டும் குசினி மூலையில்.

ஒக். 20, திங்கள்

வெயில். மிளகாய் வெளியே போட்டேன். முற்றத்தில் சுருட்டிக் கிடக்கும் வலைக்குள் எலி. மருமகன் வண்ணாத்திவில்லுவுக்குக் கூலி வேலைக்கு. கரையில் காலையிலிருந்து மெஷின் சத்தம். ஸ. போன் இல்லை.

ஒரு பையை அவிழ்த்தேன். சட்டியில் கொட்டி, சூடேற்றி, கடலை போட்டுப் புரட்டினேன். கறுப்பு மண் சூட்டை நன்றாகப் பிடிக்கிறது. ஒரு கடலைகூடக் கருகவில்லை.