நீ நிறுத்தி வைத்த எண்

உன் பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போனவர்கள் மண்ணுக்குள் கிடந்ததை எடுத்து, லிந்துலையில் இருக்கும் என் ரிப்பேர் கடையில் கொண்டுவந்து போட்டார்கள். மூடியைத் திறந்ததும் ஈரமண் வாடை எழுந்தது. உள்ளே கம்பிகளை ஈயம் வைத்து அழகாகத்தான் பற்றவைத்திருக்கிறாய். அதைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரியத்தன்று எல்லோரும் உன்னைப் பொறுமையான மனிதன் என்றார்கள். அங்கே நான் பேசாததை இங்கே பேசுகிறேன், கேட்டுக்கொள்.

சரிவில் விழுந்திருந்த வெடிப்புக்குக் குறுக்கே நாம் இருவரும் ஒரு சென்சரைக் கட்டினோம். வெடிப்பு விரிந்தால் மின்னழுத்தம் கூடும். பெட்டிக்குள் இருக்கும் சிப் அதை எண்ணாக மாற்றும். எண் எல்லை தாண்டினால் கீழே லயத்தில் மணி அடிக்கும். மேட்டை ஒட்டிய கடைசிக் காம்பராவில் என் அக்கா குடியிருந்தாள்.

அந்த எண் ஒருநாளும் நிலையாக நிற்கவில்லை. ஃபெக்டரியில் மோட்டார் ஓடத் தொடங்கினாலே குதித்தது. ஒரு மழைநாளில் சும்மாவே மணி அடித்து, சனம் பிள்ளைகுட்டிகளோடு வெளியே ஓடி நனைந்தது. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், "ஓங்க பொட்டி நல்லா பொய் சொல்லுதுங்க" என்று சிரித்தார்கள். நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உனக்குத் தைத்துவிட்டது.

"மணிக்கும் சென்சருக்கும் ஒரே எர்த்து கம்பி ஓடுது. பிரிச்சு இழுப்போம். மோட்டாரு நடுக்கம் ஏறாம வலை சுத்துன கேபிள் போட்டு, சிப்பு கால்ல ஒரு கெப்பாசிட்டர் வைப்போம்" என்றேன்.

"கம்பியில என்னா கெடக்கு? நான் புரோகிராம்லயே அடக்கிட்டேன். தொர பார்க்க வர்றாரு, நீ சும்மா இரு" என்றாய்.

எப்படி அடக்கினாய்? பழைய சராசரியிலிருந்து அதிகம் விலகும் எந்த அளவையும் இரைச்சல் என்று தூக்கி எறியச் சொல்லியிருந்தாய். தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"மண்ணு ஒரேயடியா நகந்தா என்னா பண்ணுவ?" என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

ஒரேயடியாகத்தான் நகர்ந்தது. மற்றவர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். அக்கா காய்ச்சலோடு படுத்திருந்தாள். மேலே மண் பிளந்ததற்கும் லயத்தில் வந்து விழுந்ததற்கும் நடுவே எழுந்து ஓட நேரம் இருந்தது. அளவு எகிறியது, எகிறிய இடத்திலேயே நின்றது. உன் புரோகிராம் அத்தனையையும் இரைச்சல் என்று எறிந்துவிட்டுப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. அக்காவை இடுப்பளவு மண்ணிலிருந்து தோண்டி எடுத்தோம். ஒரு கால் இன்றுவரை சரியில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், "கம்பி வேலை அவங்க பார்த்தது" என்று என்னைக் கைகாட்டினாய். அந்தக் கம்பியை இழுத்தது நீ. பிறகு கூச்சமே இல்லாமல் தோடம்பழத்தோடு அக்காவைப் பார்க்க வந்தாய். அவள் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மனசு பெரிது, எனக்கு அப்படி இல்லை.

இடிந்தது போக மிஞ்சிய காம்பராக்களில்தான் சனம் இன்னும் இருக்கிறது, அக்காவும் அங்கேதான். புது வீடு தருவதாகச் சொன்னவர்கள் திரும்பி வரவில்லை. அதனால் மேலே வேறு பெட்டி வைத்திருக்கிறேன். எர்த்தைப் பிரித்தேன், கேபிளை மாற்றினேன், கெப்பாசிட்டர் போட்டேன். எண்ணின் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மிச்சத்துக்குக் கொஞ்ச நேரச் சராசரி போதும். அளவு எகிறினால் எறிவதில்லை. திரும்பத் திரும்பப் பார்த்து, எகிறியபடியே நின்றால் மணி அடிக்கும்.

போன வாரம் மாடு ஒன்று சென்சரில் சிக்கி, மணி அடித்துவிட்டது. எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கடைசியாக அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"ஒனக்கு வேற வேலையே இல்லையா? ஒல பொங்கி வழியுது அங்க!" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நன்றாகத்தான் வலித்தது. இதற்குப் பயந்துதானே அந்த மணியின் வாயைக் கட்டினாய்? உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. நீ வாங்க மறுத்த திட்டையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கிவிட்டுப் போகிறேன். மணி கேட்டு அக்கா வெளியே வந்து நின்றுதான் திட்டினாள்.