தோட்டக்காரன் டீ

ஏலே,

நேற்று என் மகள் சென்னையிலிருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே சின்னச் சின்னத் தேயிலைப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டி.வி. நாடகத்து ஆளின் படம். மூத்த அக்காவுக்கு இஞ்சி, தம்பிக்காரனுக்குப் பட்டை, வில்லிக்கு என்னமோ ஒரு பூ. "அப்பா, உங்களுக்கு யாரைப் போடட்டும்?" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்ததும் கிராம்பும் ஏலமும் கலந்து ஒரு வாசம் வந்தது பார், பெட்டியை மூடச் சொன்னேன். பித்தமாக இருக்கிறது, வேண்டாம் தாயி என்று சொல்லி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ இருந்திருந்தால் மீசையை நீவிக்கொண்டு, "இதையெல்லாம் நாம அப்பவே போட்டோம்லே" என்று சொல்லியிருப்பாய். போட்டாய்தான். நல்லாவே போட்டாய்.

செத்தவனைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் நல்லவள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், நம் ஊர் விலக்கில் உங்கள் டீக்கடை. நீயும் நானும் டவுனில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். படிப்பு முடிந்ததும் நீ உன் அப்பாவுக்குப் பிறகு பாய்லர் முன்னால் நின்றாய். நான் டவுனில் தறி ஓட்டப் போனேன். உன் தெரு ஊருக்குள். என் தெரு கண்மாய்க்கு அந்தப் பக்கம், காலனி. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

கடை முன்னால் நின்ற வேப்பமரத்தில் ஆணி அடித்து அலுமினிய டம்ளர்கள் தொங்கும். காலனிக்காரன் அதை எடுத்து, தானே கழுவி, நீட்ட வேண்டும். தூக்கி ஊற்றுவாய். குடித்துவிட்டுத் திரும்பக் கழுவி மாட்ட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு உள்ளே பெஞ்சு, கண்ணாடிக் கிளாஸ், மின்விசிறி. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருப் பையன்கள் மனு கொடுத்து, ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். இன்னொரு தடவை இரண்டு விதமான டம்ளரைப் பார்த்தால் கடையைப் பூட்டிவிடுவேன் என்று ரோட்டில் நின்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கே டம்ளர்களைக் கழற்றி எறிந்தாய். எனக்கு உன் மேல் எவ்வளவு பெருமை தெரியுமா? பைத்தியக்காரன் நான்.

அந்தச் சமயத்தில்தான் உனக்குக் கல்யாணம் ஆகி, சீராக டி.வி. வந்தது. அதைக் கடையில் வைத்தாய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு நாடகம் போடுவான். அதில் ஒரு ஜமீன்தார், எப்போது பார்த்தாலும் அழுகிற அவருடைய மருமகள், விறைப்பான ஒரு இன்ஸ்பெக்டர், வாயே திறக்காத ஒரு தோட்டக்காரன். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் உன் கடையில்தான். பரளச்சியிலிருந்துகூட சைக்கிள் மிதித்து வருவார்கள். பந்தலுக்குள் ஊர், பந்தலுக்கு வெளியே மண்ணில் நாங்கள்.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என் தோளில் கை போட்டுச் சொன்னாய்: "ஏலே, ஒரு ஐடியா வச்சிருக்கேன். நாடகத்துல வர்ற ஆளுக்கு ஒரு டீ. ஒவ்வொரு டீக்கும் ஒரு ருசி, ஒரு கிளாஸு. இனிமே நம்ம கடையில ரெண்டு டம்ளருங்கிற பேச்சே கெடையாது. யாரு வேணும்னாலும் எத வேணும்னாலும் கேட்டுக் குடிக்கலாம். நீதான் ருசி பாத்துச் சொல்லணும்."

எனக்கு இரவு ஷிப்ட். பகலில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தேன். கடை ஓய்ந்திருக்கும் மத்தியான வேளையில் பின்கட்டில் உன் அடுப்படி. கம்பிப் பிடி போட்ட கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பாய். ஊர்க்காரர்கள் முன்னால் குடிக்கிற அதே கிளாஸ். முதல் தடவை அது என் கைக்கு வந்தபோது பாதி டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். நீ பார்க்காத மாதிரி இருந்தாய். அந்த நாகரிகத்துக்காக அன்றைக்கு உன்னைக் கும்பிட்டிருப்பேன்.

"ஜமீன்தாரு நாக்குல எப்படிலே இருப்பாரு?"

"கிராம்ப அள்ளிப் போடு. சீனியையும் கொட்டு. மொத வாய் நல்லாருக்கணும், ரெண்டாவது வாய் திகட்டணும்."

நீ சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றாய். மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாளே என்று நீ டீயில் உப்புப் போட்டாய். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது மருமக இல்லலே, மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணி" என்று துப்பினேன். அப்புறம் பனங்கற்கண்டும் ஏலமும் போட்டு அவளைத் தேற்றினோம். இன்ஸ்பெக்டருக்குச் சுக்கும் மிளகும். தொண்டையில் லத்தியால் ஒரு போடு போடணும் என்றாய்.

தோட்டக்காரனை மட்டும் நான் யாரிடமும் விடவில்லை. நம் கரிசலில் விளைகிற மல்லியை வாங்கி, நானே வறுத்து இடித்தேன். கருப்பட்டி, இடித்த மல்லி, பேருக்கு ஒரு மிளகு. குறைவாகக் கொதிக்கவிட்டு இறக்கச் சொன்னேன். நீ குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். "ஏலே, இதுதான்லே டீ" என்றாய். அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

புது டீக்களோடு கடை திறந்த அன்றைக்கு ஜமீன்தார் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் வந்தார். மருமகள் சின்னக் கிளாஸில். இன்ஸ்பெக்டர் கம்பிப் பிடிக் கிளாஸில். தோட்டக்காரன் நீல பிளாஸ்டிக் டம்ளரில். எங்கள் தெருக்காரன் வந்து நின்றால், அவன் வாயைத் திறக்கும் முன்னே நீல டம்ளர் அவன் கைக்குப் போனது. அந்த அதிகாரி திரும்ப வந்தபோது, நாடகத்து ஆட்களின் பேரில் டீக்களை எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டினாய். நாடகமா, பலே என்று சிரித்து, ஓர் இன்ஸ்பெக்டர் டீ குடித்துவிட்டுப் போனார். ரெண்டு வைத்தால்தானே குற்றம், நாலு வைத்தால் யார் எண்ணப்போகிறார்கள்? உன் மூளையே மூளை. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மல்லி வாசத்தை மோந்துவிட்டு, "அதுல ஒன்னு குடுடா" என்று கையை நீட்டியவர், நீல டம்ளரைப் பார்த்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அதையும் நான் பார்த்தேன். ஆனாலும் நீ சொன்ன வார்த்தையைத்தான் நம்பினேன். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வீட்டில் அய்யாவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

என் அய்யாவை உனக்கு ஞாபகம் இருக்கும். டவுனில் பஞ்சு கோடவுனில் லோடு ஏற்றினவர். அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றால் உயிர். ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தில் இன்ஸ்பெக்டர் ஜமீன்தாரைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். பந்தலுக்குள் ஒருத்தரும் அசையவில்லை. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். துண்டு கக்கத்திலிருந்து தோளுக்கு ஏறியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மொதலாளி, ஒரு இன்ஸ்பெக்டர் டீ போடுங்க" என்றார்.

நான் மல்லி இடித்துக் கொடுக்க வந்து, பின்கட்டிலிருந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பாய்லரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன கருப்பையா, நாக்கு நீளுது? அது தீந்துபோச்சு. தோட்டக்காரன் இருக்கு, வாங்கிட்டுப் போ."

அவர் வயதில் பாதி இல்லை நீ. அய்யா நகரவில்லை. அடுத்த நிமிஷம் பெஞ்சிலிருந்து உன் தாய்மாமா, "மாப்ளே, எனக்கொரு இன்ஸ்பெக்டரு" என்று கேட்டார். நீ போட்டாய். சுக்கு வாசம் அய்யா மூக்குக்குப் போகிற தூரத்தில், ஆற்றி ஆற்றி, நுரை தள்ளப் போட்டாய். கொடுத்துவிட்டு அய்யாவைப் பார்த்தாய். சிரித்தாய்.

எனக்கு என்ன வந்ததோ, கடைக்குள்ளே வந்து நின்றேன். "இந்தக் கிளாஸ்ல நான் வாரா வாரம் குடிச்சிட்டுத்தான் இருக்கேன். பின்கட்டுல இவனே ஊத்திக் குடுப்பான். என் வாய் படாத கிளாஸு இங்க ஒன்னுகூடக் கெடையாது. நீங்க எல்லாரும் என் எச்சியத்தான் குடிச்சிருக்கீக!" என்று கத்தினேன்.

உன் தாய்மாமா வாயில் இருந்ததைத் துப்பினார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். ஏலே, அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ மாட்டிக்கொண்டாய், என்னோடு சேர்ந்து நிற்பதைத் தவிர உனக்கு வேறு வழி இல்லை என்று நினைத்தேன்.

நீ நிதானமாகத் துண்டில் கையைத் துடைத்தாய். உள்ளே போனாய். அடுப்புக்குப் பின்னால் ஒரு டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கம்பிப் பிடிக் கிளாஸை எடுத்துவந்து தலைகீழாகக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினாய்.

"பயப்படாதீக மாமா. இவனுக்குன்னு தனிக் கிளாஸு. அடியில பாருங்க, அடையாளம்."

அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. சைக்கிளுக்கு அடிக்கிற பெயிண்ட். அவ்வளவு மத்தியானமும் அந்தப் பொட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் உன்னோடு சிரித்துப் பேசியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. குடிக்கிறவன் கண்ணுக்கு அடி எங்கே தெரியும்?

கடையே சிரித்தது. பயம் விட்ட சிரிப்பு. ஒருத்தர் உன் முதுகில் தட்டி, "பொழைக்கத் தெரிஞ்ச பயடா நீ" என்றார். நான் அய்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டு திரும்பக் கக்கத்துக்குப் போயிருந்தது. அட பாவி, அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் வைத்தவன் நீ.

கண்மாய்க் கரையில் நடந்து போகும்போது அய்யா என்னைச் சமாதானப்படுத்தினார். "விடுப்பா. உனக்குக் கண்ணாடிக் கிளாஸுல்ல வச்சிருந்திருக்கான். பிளாஸ்டிக்கு இல்லல்ல" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் உன் கடைக்குத்தான் போனார். நீல டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு நாடகம் பார்த்தார். வேறு எங்கே போவார்? நான் டவுனிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டேன். அதற்குப் பிறகு உன் கடைப் பக்கம் பஸ் நிற்கும்போதுகூட நான் தலையைத் திருப்பியதில்லை.

நீ சாகக் கிடந்தபோது ஆள் விட்டாய். மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். உன் மகனை வெளியே அனுப்பிவிட்டு என் கையைத் தேடினாய்.

"ஏலே, அன்னைக்கு நான் அந்தக் கிளாஸக் காட்டலேன்னா உன்னைய அங்கேயே வெட்டிருப்பாக. உன் தெருவக் கொளுத்திருப்பாக. உள்ள போனதும் யோசிச்சேன். சைக்கிளு பெயிண்டு டப்பா இருந்துச்சு. விரலால தொட்டு அடியில வச்சேன். உன்னையக் காப்பாத்தத்தான்லே வச்சேன். அதுக்கு முந்தி உனக்குன்னு தனிக் கிளாஸே கெடையாது. எங்க அம்மா மேல சத்தியமா."

உன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாய். எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அந்த மத்தியானங்கள் எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்குமே.

"பெயிண்டு காஞ்சிருந்துச்சுலே" என்றேன். "காஞ்சு, பாதி உதுந்து, ஓரத்துல கரி ஏறியிருந்துச்சு. மாசக் கணக்கா நாரு போட்டுத் தேச்ச பெயிண்டு அது."

நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மணி அடித்து வெளியே போகச் சொல்லும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன் கை கட்டிலில் அப்படியே கிடந்தது. அதை நான் தொடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

உன் சாவுக்கு வரவில்லை. கடையை உன் மகன் விற்றுவிட்டான். அய்யா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. எனக்கு மிச்சம் ஒரு பழக்கம்தான். யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும், தூக்கி அடியைப் பார்க்காமல் என் வாய்க்குப் போகாது. சம்பந்தி வீட்டில் பார்த்தேன், அவர்கள் முகம் சுருங்கியது. கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். என் வீட்டில், என் பெண்டாட்டி கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளரையும் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். அவள் ஏன் என்று கேட்டதே இல்லை.

மகளோடு பேத்தியும் லீவுக்கு வந்திருக்கிறாள். இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை. இன்று காலையில் அவள் அம்மா பாலை ஆற்றி, அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை குடிக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைச் சிந்தாமல் தலைக்கு மேலே தூக்கினாள். கழுத்தை வளைத்து அடியை நன்றாகப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தாள்.

"என்னடி பாக்குறே?" என்று மகள் கேட்டாள்.

"தாத்தா மாதிரிம்மா" என்றாள். "பாத்துட்டுத்தானே குடிக்கணும்?"