மாசத்துக்கு ஒரு பிரிவு

என் செல்லக்குட்டிக்கு,

அம்மா எழுதுறேன். நீ நல்லா இருக்கணும், நாங்க இருக்கோம். போன்ல பேசினா என் குரலே காட்டிக்கொடுத்துடும், அதான் கடிதமா எழுதி மெயில்ல அனுப்புறேன். உங்கப்பா பக்கவாதத்துல படுத்ததிலிருந்து நான் இன்டர்நெட்ல எழுதிட்டு வர்ற பிளாக்கை, படிக்கிறவங்க தேடி எடுக்கிற மாதிரி பிரிச்சு வைம்மான்னு போன வருஷமே சொன்னே. பிரிச்சு வைக்கத்தான் செஞ்சேன். முப்பது வருஷம் ஆபீஸ் தபால் பிரிவுல உட்கார்ந்து, எது வந்தாலும் வந்த தேதிப்படி சேர்த்த கை வேற எப்படி அடுக்கும்? மாசத்துக்கு ஒரு பிரிவுன்னு நாப்பத்தொண்ணு போட்டு, என்னை நானே மெச்சிக்கிட்டேன். போன வாரம் பிளாக் படிக்கிற ஒரு பொண்ணு எழுதியிருந்தா, அவ வீட்டுக்காரரும் படுக்கையாம். ஊட்டும்போது புரை ஏறாம எப்படிப் பார்த்துக்கிறதுன்னு நான் எழுதினதை ஒரு மத்தியானம் பூரா தேடினாளாம். "உங்க வீட்டுக்காரருக்கு எந்த மாசம் புரை ஏறுச்சுன்னு எனக்கெப்படிம்மா தெரியும்?"னு கேட்டிருந்தா. சிரிப்பும் வந்துச்சு, பொட்டுல அறைஞ்ச மாதிரியும் இருந்துச்சு.

அதிலிருந்து அப்பா கண்ணசர்ற நேரமெல்லாம் உட்கார்ந்து மாத்துறேன், இடுப்பு விட்டுப்போச்சு. மாசத்தையெல்லாம் தூக்கிட்டு, வர்றவங்க மனசுல என்ன கேள்வியோடு வருவாங்களோ அதையே பேரா வெச்சேன். 'ஊட்டும்போது', 'முதுகு புண்ணாகாம', 'அவர் கோபப்பட்டா', 'நீங்க எப்போ தூங்குறது'. கடைசிப் பிரிவுல ஒரே ஒரு பதிவுதான், அதுவும் பாதியில நிக்குது. எழுதும்போதே தூங்கிட்டேன் போல. நீயாவது வேளைக்குத் தூங்கு, நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடாதே, இருமலை அலட்சியம் பண்ணாதே.

முந்தாநாள் அந்தப் பொண்ணே மறுபடி கேட்டா, தூரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு எப்போ சொல்லணும், அதை எந்தப் பிரிவுல பார்க்கணும்னு. சரின்னு 'பிள்ளைகளுக்கு எப்போ சொல்றது'ன்னு ஒண்ணு போட்டுட்டு நாப்பத்தொரு மாசத்தையும் புரட்டினேன். அதுல போட ஒரு பதிவுகூட இல்லை. அப்பா உடம்பு மோசமாகிட்டு வர்றதை நான்தான் உனக்குச் சொன்னதே இல்லையே. நீ படிச்சுடுவேன்னு பிளாக்லயும் எழுதலை, நீ கேட்டப்பல்லாம் அப்பா அப்படியேதான் இருக்கார்னு சமாளிச்சேன். அப்படியே இல்லை குட்டி. மூணு வாரமா ரெண்டு கரண்டிக்கு மேல உள்ள இறங்கலை. பார்க்கவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கன்னு டாக்டர் நேத்து சொல்லிட்டார். உன் பேரைச் சொன்னா மட்டும் கண்ணைத் திறந்து வாசப்பக்கம் பார்க்கிறார். எனக்கும் தனியா முடியலைம்மா. வந்துடு.

ஒரு குறையும் உன்னை அண்டாம இருக்கணும், பத்திரமா வந்து சேரணும். எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வராதே. வாசல் மணி கெட்டுக் கிடக்கு, கதவைக் கொஞ்சம் பலமா தட்டு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் பதில் போடலை. உனக்கு முதல்ல எழுதிட்டு அவளுக்கு எழுதலாம்னு இருக்கேன்.

உன் வரவைப் பார்த்துக்கிட்டிருக்கும்
அம்மா