பூங்காக் குளத்துச் சிவப்பு உண்ணி

பிப்ரவரி 3

காலை முழுக்கச் சீசா கழுவினேன். சுண்டுவிரல்கூட நுழையாத சீசாக்கள். நான் கழுவினால்தான் மிளகுக்குத் திருப்தி. கல்லூரியில் கழுவுகிறவர் உள்ளே சோப்பை விட்டுவிடுகிறாராம்.

மிளகு என் மகள் வயிற்றுப் பேத்தி. பிறந்தபோது அவ்வளவு சிறுசு, அவ்வளவு காரம். நான் வைத்த பெயர்தான், ஆராய்ச்சி மாணவி ஆன பிறகும் மாறவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் வெளியூரில் வேலை. இந்த மூன்றாம் மாடியில் நானும் இவளும்தான்.

இவள் ஆராய்வது நீர் உண்ணிகளை. ஏரி, குளம், ஓடை எல்லாவற்றிலும் இருக்கும், கடுகில் பாதி அளவு. பூச்சி என்று சொல்லிவிட்டால் இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். வயிற்றுத் தகடு எப்படி, காலில் மயிர் எப்படி, அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி இருப்பது எத்தனை என்று பார்த்து இனம் பிரிக்கிறாள். பிறகு எந்த இனம் எந்தத் தண்ணீரில் கிடைத்தது என்று சுவரில் மாட்டிய வரைபடத்தில் புள்ளி வைக்கிறாள். ஒரு புள்ளிக்கு ஒரு நாள் சேற்றில் நிற்க வேண்டும்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள்: “உண்ணியப் புடிச்சு என்ன பண்ணப்போறா பெரியம்மா? எங்க வீட்டு நாய்க்கிட்ட கேட்டா சும்மாவே குடுக்குமே.”

விடுவேனா. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இனம் இந்தப் பக்கம் ஏன் இல்லை, எது எப்போது பிரிந்தது என்று அந்த வரைபடம் சொல்லும் என்று மாடிப்படியிலேயே பாடம் எடுத்தேன். அவள் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டாள். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியவர்கள் யாராவது இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

மலைக்கு அந்தப் பக்கத்து ஏரியிலிருந்து மிளகு நேற்று வந்தாள். ஒரு வாளி தண்ணீர், பாசியோடு. இன்று காலை அதை வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். சிவப்பு, அப்படி ஒரு சிவப்பு. செங்கல் பொடிக்கு உயிர் வந்து ஓடுகிற மாதிரி. வேண்டியதைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சிச் சீசாவில் விட்டாள். ஏராளமாக மிச்சம்.

“பாட்டி, மிச்சத்துமேல கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டுச் சாக்கடையில விட்டுடு. மறந்துடாத. உயிரோட எங்கயும் போகக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு ஓடினாள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுப் பக்கத்தில் நின்றேன். ஒன்று இன்னொன்றைத் துரத்திக்கொண்டு போயிற்று. அப்பாவிகள். ஊற்றக் கை வரவில்லை. வாளியில் திருப்பிக் கொட்டி, மேலே துணி போட்டு, சாயங்காலம் நடக்கப் போகும்போது பூங்காக் குளத்தில் மெல்லச் சாய்த்துவிட்டு வந்தேன்.

மிளகு வந்ததும், “முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுது.”

பொய் இல்லையே. முடிந்துதானே போயிற்று.

பிப்ரவரி 18

நல்ல தூக்கம். முழங்கால் வலிகூடக் குறைவு.

ஆகஸ்ட் 9

இதை எழுதவே கை கூசுகிறது.

நம் ஊர்ப் பக்கம் வரைபடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று மிளகு இந்த மாதம் பக்கத்துக் குளங்களை எல்லாம் அலசுகிறாள். இன்று பூங்காக் குளத்தில் வலை போட்டிருக்கிறாள். மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் பாசி நாற்றம்.

“பாட்டி, அந்தப் பக்கத்துச் செவப்பு இங்க இருக்கு. நம்ம பூங்காவுல. மலையைத் தாண்டி வந்திருக்கு.”

“எப்படி வரும்?” என்று கேட்டேன். கேட்டது நான்தான். என் குரல் மாதிரியே இல்லை.

“குட்டியா இருக்கும்போது தும்பிமேல ஒட்டிக்கிட்டுப் பறந்து வரும். இத்தனை வருஷமா எல்லாரும் மலை ஒரு சுவருன்னு எழுதி வச்சிருக்காங்க. சுவரே இல்ல பாட்டி.”

வரைபடத்தில் நம் ஊருக்கு நேராகச் சிவப்புப் புள்ளி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? அரைமணி கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 10

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23

மாடிப்படியில் தையல்காரம்மா வழிமறித்தாள். “என்ன பெரியம்மா, பேத்தி எதையோ கண்டுபுடிச்சிருக்காளாமே, நீங்க இன்னும் வந்து பீத்திக்கலையே? உடம்பு சரியில்லையா?”

முட்டி வலி என்றேன். மேல்வீட்டு வங்கிக்காரர் கையைக் கூப்பி வாழ்த்துச் சொன்னார். இவர்களுக்கெல்லாம் இந்த உண்ணிக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். இப்போது அவர்கள் ஆசையாகக் கேட்கும்போது நான் படியைப் பார்த்துக்கொண்டு ஏறிவிடுகிறேன்.

ஒருவேளை தும்பியும் கொண்டுவந்திருக்குமோ? நான் ஊற்றியதெல்லாம் மீன் தின்று செத்துப்போய், இது தானாக வந்ததாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். இருக்கலாம் என்று எத்தனை தடவை எழுதினாலும் அந்த வாளி கண்ணெதிரே நிற்கிறது.

செப்டம்பர் 14

பேராசிரியர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மிளகுக்கு வழிகாட்டி அவர்தான். ஒல்லியான மனுஷி, புடவை முந்தானையில் மை. மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அதே இனம்தான். சந்தேகமே இல்ல. ஆனா யாராவது கொண்டுவந்து போட்டிருந்தா? மீன் வளக்கறவங்க, அல்லி நட்டவங்க?”

“காவலாளிகிட்ட விசாரிச்சேன் மேடம். அல்லியும் நடல, மீனும் விடலயாம்” என்றாள் மிளகு.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க தினம் அங்கதான் நடக்கப் போவீங்களாமே, பாட்டி. யாராவது எதையாவது கொட்டறதப் பாத்தீங்களா?”

மரியாதையாகத்தான் கேட்டார். கையில் நான் போட்டுக் கொடுத்த காப்பி.

“இல்லம்மா” என்றேன்.

மிளகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “எங்க பாட்டி கண்ணுக்குத் தப்பி அங்க ஒரு காக்கா தண்ணி குடிக்க முடியாது மேடம்.”

பிப்ரவரியில் சொன்னது பொய்யா இல்லையா என்று வாதாடலாம். இது பொய்.

செப்டம்பர் 15

அறியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். ஐந்தாவது படித்த கிழவி, பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்பார்கள். அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரியுமே. எந்த இனம் எங்கே என்பதுதான் இவள் வேலையே. ஒரு புள்ளி பொய்யானால் மற்ற புள்ளிகளையும் நம்ப மாட்டார்கள். மாடிப்படியில் நின்று பாடம் எடுத்தவளுக்கு இது தெரியாதா? உண்ணிமேல் இரக்கப்பட்டேன். சரி. சேற்றில் நிற்கிற பெண்மேல் இரக்கம் எங்கே போயிற்று?

அக்டோபர் 6

அருங்காட்சியகத்தில் உயிரினப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நேர்காணல். அங்கே ஒரு அவையில் தன் கண்டுபிடிப்பைப் பேச வேண்டும். குளத்து உண்ணியைப் பற்றி எழுதிய கட்டுரையும் அச்சுக்குப் போகிறது. “உனக்கு முன்வரிசை பாட்டி, அந்த நீலப் புடவை கட்டிக்கோ” என்கிறாள். இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள், என்னைக் கேட்காமலே.

அக்டோபர் 8

சொல்லிவிட்டேன்.

காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் எதிரே நின்று பேசிப் பழகினாள். அவையாக நானும் ஒரு முறம் காயும். நன்றாகப் பேசினாள், கையை அழகாக வீசி. “இந்த உயிர் மலையைத் தாண்ட முடியாது என்று நினைத்தோம். அப்படியானால் இதை இங்கே கொண்டுவந்தது யார்?” என்று நிறுத்தினாள். அவையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“நான்” என்றேன்.

சிரித்துவிட்டாள். “நீ என்ன தும்பியா?”

“வாளியில கொண்டுபோனேன். பிப்ரவரியில. நீ கொதிதண்ணி ஊத்தச் சொன்ன அன்னைக்கு. மனசு கேக்கல. குளத்துல விட்டுட்டேன்.”

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றது, எடுக்க மறந்த மாதிரி. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எத்தனை இருக்கும், பாசியையும் சேர்த்தா, குளத்தின் எந்தக் கரையில் என்று கேட்டாள். ஆராய்ச்சிக்காரி மாதிரி கேட்டாள். எல்லாம் சொன்னேன். கடைசியில்தான் குரல் உடைந்தது.

“மேடம் கேட்டாங்களே பாட்டி. உன் மூஞ்சியப் பாத்து கேட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நான் வேற உன்னப் பத்திப் பெருமையா ஜோக் அடிச்சேன்.”

நீ சந்தோஷமா இருந்த, அதைக் கெடுக்க மனசு வரலன்னு சொல்லவா? அதுகூட முழு உண்மை இல்லை. நான் சந்தோஷமா இருந்தேன். என் பேத்தி, என் பேத்தின்னு.

அறைக்குள் போய்ப் பேராசிரியர் அம்மாவுக்குப் போன் போட்டாள். “தப்பு மேடம். கட்டுரைய நிறுத்திடலாம்” என்பது மட்டும் காதில் விழுந்தது. நறுக்கின காய் அப்படியே கிடக்கிறது.

அக்டோபர் 10

நேர்காணலுக்குத் தனியாகப் போனாள். நீலப் புடவை பீரோவுக்குள் போயிற்று. பழைய ஓடை உண்ணிகளைப் பற்றிப் பேசினாளாம். சாப்பாடு வேண்டாம் என்றாள். மோர் மட்டும் குடித்தாள்.

அக்டோபர் 29

வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கட்டுரை கையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை, மகள் போனில் சொன்னாள். “ஏம்மா, ஒரு வாளி தண்ணி, அதச் சாக்கடையில ஊத்தினா என்னம்மா?” என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன்.

வீட்டில் பேச்சு, உப்பு வேணுமா, பால் வந்துச்சா என்பதோடு சரி. சீசாக்களை இப்போது அவளே கழுவிக்கொள்கிறாள்.

நவம்பர் 11

வரைபடத்தில் பூங்காக் குளத்துப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் வட்டம் போட்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அவளாகவே சொன்னாள்: “ஆளு கொண்டுவந்து விட்டதுக்கு அந்த அடையாளம்.” ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். அந்த உண்ணி பக்கத்துக் குளங்களுக்குப் பரவியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டுமாம். முன்பே அங்கே இருந்தவற்றின் இரையை இது தின்றுவிடலாமாம். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. காப்பாற்றினேன் என்றல்லவா நினைத்தேன்.

நவம்பர் 20

இன்று கடைக்குப் போய்விட்டு நானும் மிளகும் வந்தோம். பையை அவள் வாங்கிக்கொண்டாள். முதல் மாடியில் தையல்காரம்மா கதவைத் திறந்து வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, அருங்காட்சியகத்துல சேந்துட்டியா? பெரியம்மா வாயே தொறக்க மாட்டேங்கறாங்க.”

“இல்லக்கா. அந்தக் குளத்து விஷயம் தப்பாயிடுச்சு. நான்தான் சரியா பாக்கல” என்றாள் மிளகு. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கினாள்.

அவளா சரியாகப் பார்க்கவில்லை? ஒரு கால் மயிரை ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறவள்.

“அவ சரியாத்தான் பாத்தா” என்றேன். “மலைக்கு அந்தப் பக்கத்து உண்ணி இந்தக் குளத்துல இருக்குன்னு அவ சொன்னது நெசம். அத அங்க கொண்டுபோய் விட்டவ நான். விடாதன்னு சொல்லியும் விட்டேன். வாத்தியாரம்மா வந்து கேட்டப்ப பொய்யும் சொன்னேன். அந்த வேலை போனது என்னால.”

தையல்காரம்மா ஊசியை இறக்கி வைத்தாள். வங்கிக்காரர் மேலே ஏறப்போனவர் நின்றுவிட்டார். அவருக்கும் சேர்த்து முதலிலிருந்து சொன்னேன், தட்டு, வாளி, மேலே போட்ட துணி எல்லாம். சுருக்கவில்லை. பெருமையைச் சொன்னபோதும் நான் சுருக்கியதில்லை.

சாவி மிளகிடம் இருந்தது. மூன்றாம் மாடிக் கதவு திறக்கிற சத்தம் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டேதான் பேசினேன். வரவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால், படி திரும்புகிற இடத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வா பாட்டி” என்றாள். “சுவரைப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறு.”