செங்கல்பொடி தின்ற சிவப்புப் பூக்கள்

என் பாசத்துக்குரிய ஆரோக்கியம் அக்கா,

உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோது என் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் உனக்கு வாசித்துக் காட்டினாள். இதையும் பிறர் வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் கோவில் பங்கின் ஒவ்வொரு வீட்டிலும் இது வாசிக்கப்பட வேண்டும். குறிப்பாக, பங்குப் பேரவைச் செயலர் சவரிமுத்து வாசிக்க வேண்டும்.

முதலில் செய்தி. கோவில் பீடத்தில் நீ இருபத்திரண்டு ஆண்டுகள் பூ வைத்த சீனத்துப் பீங்கான் ஜாடி அசல்தான். நீ அதை மாற்றவில்லை, விற்கவில்லை. தம்பியின் நம்பிக்கையாக இதைச் சொல்லவில்லை, நிரூபணமாகச் சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சேலத்திலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். ஜாடியைக் கவிழ்த்து, அடியில் நீலத்தில் எழுதியிருந்த ஆறு சீன எழுத்துகளைப் பார்த்தார். "இதுல போட்டிருக்கிற ராசா காலத்து ஜாடி இல்லீங்க இது. டூப்ளிகேட்டு" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், ஜாடியைக் கொண்டுவந்த வெளிநாட்டுச் சாமியார் அந்தக் காலத்தில் எழுதிவைத்த பொருள் பட்டியலைச் சவரிமுத்து எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். ஜாடிக்கு நேரே அதில் எழுதியிருந்தது: நீலக் கொடி, சிவப்புப் பூ, தங்க விளிம்பு.

"நீலம் இருக்குதுங்க. செவப்பு எங்க? தங்கம் எங்க? கோவில் சாவி யார் கையில இருந்துச்சுங்க?"

"செவப்பு முன்ன இருந்துச்சுங்க. எப்பப் போச்சுன்னுதான் தெரியலீங்க" என்றாய் நீ.

"பூவு தானா எறங்கி நடந்து போயிடுச்சாட்டிருக்குது!" என்றார் அவர். கோவில் சிரித்தது. நீ முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் பீடத்தின் படியில் வைத்தாய். அதன் பிறகு நீ கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாய். "அக்கா, என்கிட்ட மட்டும் சொல்லு. மாத்திட்டியா?" என்று கேட்டேன். நீ என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "சோறு ஆறுது, சாப்புடு" என்றாய். மற்றவர்கள் மீது எனக்குள்ள கோபத்தை எழுதிவிட முடிகிறது. அந்த ஒரு கேள்வி மீதான கோபத்தை எங்கே எழுதுவது?

கோவிலில் ஊழியம் செய்தவர் இறந்தால் பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைப்பது நம் ஊர் வழக்கம். போன மழைக்காலத்தில் நீ இறந்தபோது அவை வரவில்லை. "பேரவையில பேசித்தான் முடிவு பண்ணணுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பிணம் காத்திருக்குமா?

அடக்கம் முடிந்த மறுவாரமே புதிய பங்குச் சாமியாரிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன்; அது கைக்கு வரப் பத்து மாதம் ஆனது. ஜாடியை உன் நூல் புடவையில் சுற்றி, மொரப்பூரில் ரயில் ஏறி, மெட்ராஸ் வரை மடியில் வைத்தே கொண்டுபோனேன். பழம்பொருள்களை ஆராயும் பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள், என் மாணவிகளின் வயதுதான். அவள் அடி எழுத்தை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அது ஒரு பழைய சீன அரசரின் ஆட்சிப் பெயராம். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த குயவர்களும் முன்னோருக்கு மரியாதையாக அதே பெயரை எழுதுவார்களாம். அதனால் எழுத்தை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது என்றாள். வியாபாரி பாதி உண்மையைப் பார்த்துவிட்டு முழுத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவள் அடிவளையத்தைப் பார்த்தாள். மேலே பூசிச் சுட்ட கண்ணாடி மெருகு முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தில் துருநிறத்தில் மெல்லிய கோடு இருந்தது; பழைய சூளையில் வெந்ததற்கு அது அடையாளமாம். கீழே கீறல்கள் நான்கு திசையிலும் ஓடின. பழசு போலக் காட்டத் தேய்த்திருந்தால் ஒரே போக்கில் இருக்குமாம். இருநூற்றைம்பது வயது நிச்சயம் உண்டு என்றாள். பிறகு ஜாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இத எதுல சார் தேய்ச்சாங்க?"

நானும் பார்த்தேன். நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளை. சாய்த்துப் பார்த்தால், பளபளப்பு மங்கிய இடங்களில், ஒவ்வொரு இதழாகப் பூக்கள் நின்றன. நிறம் போய்விட்டது, தடம் போகவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ பித்தளைத் தண்டுகளோடு சேர்த்து ஜாடியையும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தாய் அல்லவா? நீலம் மெருகுக்கு அடியில் இருக்கிறது, அதை உன்னால் தொட முடியாது. சிவப்பும் தங்கமும் மெருகுக்கு மேலே தீட்டியவை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவை உன் தேங்காய் நாரோடு போயின. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால்தான் எப்போது போயிற்று என்று உனக்கே தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

திரும்பி வந்ததும் அவள் கையெழுத்திட்ட அறிக்கையைச் சவரிமுத்துவின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"போனது போவட்டும் வாத்தியாரே. செத்தவங்களுக்கு இனி என்னங்க ஆவப் போவுது?"

"நீங்கள் சாகவில்லையே. உங்களுக்கு ஆக வேண்டியது இருக்கிறது" என்றேன்.

அறிக்கையை மடித்துக்கொண்டே சிரித்தார். "அப்படின்னா அந்தம்மாதான் கெடுத்துப்புட்டாங்க. அதுவும் தப்புதானுங்களே?"

"தப்புதான். தேய்த்துக் கெடுத்தாள் என்று வாசியுங்கள். திருடினாள் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது."

அதனால் உன்னிடம் கேட்காமலே உன் தப்பை ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டேன், அக்கா. பொறுத்துக்கொள்.

வரும் மாதம் உன் ஆண்டு நினைவுப் பூசை. பங்குச் சாமியார் சம்மதித்துவிட்டார். உன்னைத் திருடி என்று சொன்ன அதே இடத்தில் நின்று, அதே வாயால் சவரிமுத்து அறிக்கையை வாசிப்பார். அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த ஞாயிறு வாசிப்பார். எத்தனை ஞாயிறு ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து காத்திருப்பேன். உன் படத்துக்கு இருபுறமும் தண்டுகள் நிற்கும்.

ஜாடியை வெறும் தண்ணீரில் நானே கழுவுவேன். அவர் வாசிக்கும்போது கிழக்குச் சன்னலுக்கு நேரே அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பூவைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை என் கை இறங்காது. இது என் வாக்கு.

அன்று ஆறிப்போன சோற்றை ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு எழுந்துபோன,
உன் தம்பி,
சூசை