ஜால்ரா இல்லாத நாதஸ்வரம்

9 ஜூன் 2024, ஞாயிறு

மகள் சுகன்யா சேலத்திலிருந்து வந்து டிவிக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டையை வைத்தாள். சவுண்ட்பாராம். கையில் எடுத்தால் எடையே இல்லை. திருகுவதற்குக் குமிழ் இல்லை. போனில் தடவினால்தான் சத்தம் கூடும். என் பழைய நாதஸ்வரக் கேசட்டில் இருப்பதையே போனில் தேடிப் போட்டாள். தவில் அதிர்ந்தது. நாதஸ்வரம் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. ஜால்ரா? சுத்தமாக இல்லை. இந்தக் காலத்துப் பெட்டிகள் பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத்தான் தருகின்றன.

அதை அவளிடம் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொட்டி நல்லாத்தானுங்கப்பா இருக்குது. ஒருக்கா காது டாக்டரப் பாத்துரலாமே?"

முப்பது வருஷம் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டினவன் நான். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று தண்ணி பார்த்தவன். அந்தச் சத்தத்துக்கே அசையாத காது, இதுக்கா போய்விடும்?

12 ஜூன், புதன்

பரணில் கிடந்த பழைய செட்டை இறக்கினேன். முதல் ரிக் வாங்கிய வருஷம் வாங்கியது. ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், இடுப்புயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு. தூக்கும்போதே இடுப்பு சொல்கிறது, அதுவல்லவா சாமான்! தவில் தரை வழியாகக் காலுக்கு ஏறுகிறது. கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல்கூட இல்லை. என்ன தரம்! சவுண்ட்பார் இதன் கிட்ட நிற்க முடியுமா?

ஜால்ரா மட்டும் வரவில்லை. கீச்சுச் சத்தத்துக்கென்று உள்ளே இருக்கும் ட்வீட்டர் போயிருக்கும்.

14 ஜூன், வெள்ளி

நாமக்கல் ரேடியோ கடை அர்த்தநாரியிடம் ஸ்பீக்கர்களைக் கொண்டுபோனேன். போட்டுப் பார்த்தார். காதருகே வந்து கத்தினார்: "ட்வீட்டர் நல்லாத்தானுங் கூவுது, தீர்த்தகிரியண்ணா!" என்னை ஒரு மாதிரி பார்த்தார். புதுசு மாற்றியே ஆக வேண்டும் என்று நின்றேன். மாற்றிக் கொடுத்தார். பாவம், அவருக்கும் வயசாகிவிட்டது.

18 ஜூன், செவ்வாய்

என் மனைவி செல்லி படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சும் குறைந்துவிட்டது. சொன்னதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறதாம்.

எருமப்பட்டிக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போன கல்யாணத்தில் சொந்தக்காரர் மாதையன் தன் அண்ணன் செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தலையாட்டிச் சிரித்திருக்கிறேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. இனி எந்த மூஞ்சியோடு போவது? வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

23 ஜூன், ஞாயிறு

புது ட்வீட்டரிலும் ஜால்ரா வரவில்லை. காலையில் கேசட்டைப் போட்டுக் குமிழைக் கடைசிவரை திருகினேன். செல்லி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அந்த ஜால்ரா மண்டையப் பொளக்குதுங்க! செத்த கொறைங்க!"

எந்த ஜால்ரா?

கேட்டேன். காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கிட்ட வந்து, "இப்பவும் அடிக்கறாங்களே… கேக்கலீங்களா?"

24 ஜூன், திங்கள்

எழுத ஒன்றும் தோன்றவில்லை.

27 ஜூன், வியாழன்

அப்படியென்றால் சவுண்ட்பாரும் நல்ல பெட்டிதான். பழசும் நல்ல பெட்டிதான். நன்றாக இருந்த ட்வீட்டரைப் பிடுங்கிப் போடச் சொல்லி அந்த மனுஷனிடம் சண்டைக்கு நின்றிருக்கிறேன்.

பயமா இருக்குது. யாருகிட்டச் சொல்றது? சொன்னாலும், அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு எனக்குக் கேக்கோணுமே. கெணத்துக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி — மேல நின்னு எல்லாரும் வாயசைக்கறாங்க. பொட்டிய மாத்தலாம். காத எங்க போய் மாத்தறது?

2 ஜூலை, செவ்வாய்

செல்லியிடம் சொல்லிவிட்டேன். சுகன்யா சேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் எழுதியே காட்டினார். கம்ப்ரசர் சத்தம் செய்த வேலை. போனது போனதுதான். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும். பாட்டு? உதட்டைப் பிதுக்கினார். சுகன்யா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

14 ஜூலை, ஞாயிறு

மெஷின் இன்னும் வரவில்லை. செல்லி சவுண்ட்பாரைச் சின்னதாக வைத்துச் சீரியல் பார்த்தாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் சிரித்த இடத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிக்கில் கம்ப்ரசர் ஓடும்போது யாரும் பேச முடியாது; எல்லாம் கைச்சாடைதான். அதையெல்லாம் இந்த வாரம் என்னிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து முதல் தோசையைத் தின்று முடித்தேன். தோசைக்கரண்டியோடு எதிரில் வந்து நின்று, ஒரு விரலை மேலே நீட்டித் திருகிக் காட்டினாள். துளை இன்னும் ஆழம் போக வேண்டும், இன்னொரு ராடு சேர்க்கட்டுமா என்று கேட்கிற சாடை அது.

நான் இரண்டு விரல் காட்டினேன்.