ராசாத்திக்குக் கொடுத்த சுவெற்றர்

இஞ்சாருங்கோ,

இன்று காலை போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் விசிறினேன். நனைந்த தென்னந்தும்பின் மணம் எழும்பி வந்தது. வெளியே மோர்னிங்சைட் றோட்டில் பனி வழிக்கிற லொறி போகிறது, உள்ளே ஒரு பாம்புக்குத் தும்பு நனைந்துகொண்டிருக்கிறது. "உந்தக் கோதாரியை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்" என்று உங்களைப் பேசத் திரும்பினேன். வாய் திறந்த பிறகுதான் நீங்கள் இருக்கிற கதிரை வெறுமையாக இருப்பது தெரிந்தது. நாளுக்கு எத்தனை தரம் இப்படி வாயைத் திறந்து மூடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

உங்களோடு எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ரெண்டு கிழமைக்குத்தானப்பா" என்று சொல்லித்தானே அதைக் கொண்டுவந்தீர்கள். தொழிற்சாலையில் உங்களோடு நின்ற பிலிப்பீன்காரர் அல்பேர்ட்டாவுக்கு வேலை மாறிப் போகிறார், வீடு எடுத்ததும் வந்து கொண்டுபோவார் என்றீர்கள். போனவர் போனவர்தான். எங்கள் சனம் பாம்பைக் கண்டால் ஒன்றில் கும்பிடும், இல்லாவிட்டால் தடி எடுக்கும். மடியில் வைத்துக் கொஞ்சுகிற ஆளை நான் உங்களில்தான் கண்டேன். அதற்கு ராசாத்தி என்று பெயர் வேறு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னை ஒருநாளாவது ராசாத்தி என்று கூப்பிட்டிருப்பீர்களா? எனக்கு எப்போதும் "இஞ்சேரும்" தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? "இஞ்சேரும், ஒருக்கா வந்து வெளிச்சத்தில பாரும்" என்று கூப்பிட்டீர்கள். நான் அறை வாசலோடு நின்றுவிட்டேன். நீங்கள் அதை யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தீர்கள். இரும்புக்கறை நிறத்தில் கிடந்த உடம்பு, வெயில் பட்டதும் மழைத்தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறமாதிரி நீலமும் பச்சையும் ஊதாவுமாக ஓடியது. வடிவுதான். ஆனால் அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எனக்கு அடுப்பில வேலை கிடக்கு" என்று திரும்பிப் போனேன்.

பின்னேரங்களில் அந்தச் சாம்பல் நிறச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு செய்தி பார்ப்பீர்கள். ராசாத்தி அந்தச் சுவெற்றரின் இடக்கைக்குள்ளால் ஏறி முழங்கையடியில் சுருண்டு கிடப்பாள். வலக்கையால் நீங்கள் தேத்தண்ணீர் குடிப்பீர்கள். அந்தக் கையை அசைக்காமல் மணித்தியாலக் கணக்கில் இருப்பீர்கள். எனக்கு ஒரு போத்தல் மூடி திறந்து தரக்கூட அந்தக் கை வராது.

கடைசிப் பின்னேரமும் அப்படித்தான். நெஞ்சு நோகிறது என்று என்னிடம் சொல்வதற்கு முதல், எழும்பிப் போய் அவளைப் பெட்டிக்குள் விட்டு, மூடியைப் பூட்டிவிட்டு வந்து சொன்னீர்கள். முகம் வேர்த்து ஊற்றியது. அம்புலன்ஸ்காரர் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "ரெண்டு நாளில வந்திடுவன். தண்ணி மட்டும் விசிறி விடும்" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்கென்று ஒரு சொல் இல்லை. அதற்குப்பிறகு நீங்கள் கண் திறக்கவில்லை. எனக்கு நீங்கள் விட்டுப்போன கடைசி வசனம் ஒரு பாம்புக்கு உரியது. கோபம் வராமல் என்ன செய்யும்?

செத்தவீட்டில் நான் அழவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள். வீடு முழுக்கச் சனம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று உங்கள் அக்கா ராசாத்தியின் பெட்டியை வெள்ளைச் சீலையால் மூடிவிட்டா. பனியில் வந்த ஆட்களுக்குக் குளிரும் என்று ஹீற்றரையும் கூட்டிவிட்டா. எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்குச் சமைக்கையில், தேங்காய்ப்பூ இருக்கும் என்று பிறிட்ஜுக்குள் கிடந்த ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்துத் திறந்தா. உள்ளே நீங்கள் வரிசையாக அடுக்கி உறையவைத்த எலிகள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மச்சம் மாமிசம் புழங்கக்கூடாத வீட்டில் எலி! மச்சாள் அலறிய அலறலில் எல்லோரும் ஓடிவந்து, பிறகு சிரி சிரியென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எழும்பி, அறை வாசல் மட்டும் வந்தபிறகுதான் நினைவு வந்தது. அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. டப்பாவைக் குப்பைக்குள் போட்டார்கள். ராசாத்தியும் எங்களோடு சேர்ந்து விரதம் இருந்தாள்.

அந்தியேட்டியோடு வீடு கழுவி, உங்கள் உடுப்பெல்லாம் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றை மட்டும் நான் ஒளித்துவைத்தேன். ஆஸ்பத்திரியில் கழற்றி, பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்த அந்தச் சாம்பல் சுவெற்றர். பையைத் திறந்தால் நீங்கள் இருந்தீர்கள். நோவெண்ணெயும் மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த உங்கள் மணம். அடிக்கடி திறந்தால் மணம் போய்விடும் என்று வெள்ளிக்கிழமைகளில் மட்டும், கொஞ்சமாய் அவிழ்த்து, முகத்தை வைத்துவிட்டு, உடனே முடிச்சுப் போட்டுவிடுவேன். மகளுக்குக்கூடத் தெரியாது.

எல்லாரும் போனபிறகு, பெட்டியை மூடிய சீலையை எடுத்தேன். தும்பு காய்ந்து பொடியாகக் கிடந்தது. ராசாத்தியின் கண் இரண்டும் பால் விட்டதுபோல் மங்கிப்போய், தோல் அங்கொன்று இங்கொன்றாகச் சருகுமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உங்களைக் காணாமல் ஏங்கிக் குருடாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னைவிட நன்றாய் அவள் துக்கம் காக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

மகள் ஆரணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நம்புவீர்களா, ராசாத்தியைத் தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, என் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனது நான்தான். வைத்தியர் இளம் வெள்ளைக்காரப் பெண். தோல் கழற்றுகிற காலத்தில் கண் இப்படித்தான் மங்குமாம், சாப்பாடும் வேண்டாமாம். இந்தவகைப் பாம்புக்குக் காற்று எப்போதும் ஈரமாய் இருக்கவேண்டுமாம். காய்ந்த வீட்டில் இருந்ததால் தோல் கழலாமல் ஒட்டிப்போய்விட்டதாம். கையால் உரிக்கக்கூடாது, ஈரத்துணிக்குள் தானாக நுழைந்து உரசிக் கழற்றவேண்டும், கண்மேல் ஒட்டிய படலம் இப்படியே கிடந்தால் பார்வை போகும் என்றா.

அது அவரைத் தேடித்தான் இப்படிக் கிடக்கிறதா என்று கேட்டுச் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள். பதில் வந்தபிறகு அதைத் தமிழாக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அம்மா, பாம்புகள் ஆக்களை மிஸ் பண்ணாதாம். ஆர் தூக்கினாலும் அதுக்கு ஒண்டுதானாம். சூடு மட்டும்தான் வேணுமாம்."

ஓம் என்று தலையாட்டினேன். கோட்டுக்குள் ராசாத்தியை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நீங்கள் கையை அசைக்காமல் இருந்த அத்தனை பின்னேரங்களும் அவளுக்கு வெறும் சூடு. எனக்கு உங்களை நினைக்கத்தான் பாவமாக இருந்தது.

காரில் வரும்போது மகள் சொன்னாள், "உங்களுக்கு உது ஏலாது அம்மா. உப்பிடி விட்டுப்போன பாம்புகளைப் பார்க்கிற றெஸ்கியூ ஒண்டு இருக்கு, சீரியஸா, குடுத்திடுவம்."

"அப்பா கடைசியாத் தொட்ட உயிர் உது" என்றேன். "குருடாக்கி அனுப்பமாட்டன்."

குளித்துத் துடைக்கிற துவாயை நனைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். கிட்ட வந்து நாக்கை நீட்டிவிட்டு விலகிப்போனாள். வேறு துவாய், பழைய போர்வை, உங்கள் அக்கா விட்டுப்போன சீலை, எல்லாம் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சவர்க்கார வாசம். ஒன்றுக்குள்ளும் நுழையவில்லை. கழுத்தடியில் ஒட்டிய தோல் இறுகிக்கொண்டு வந்தது. வாலின் நுனி கறுக்கத் தொடங்கியது. அவள் நுழையக்கூடியது இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்கு முதல்நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் துவாய் துவாயாக நனைத்துக்கொண்டிருந்தேன்.

பையை அவிழ்த்தேன். அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை. முகத்தைப் புதைத்து, மூச்சு முட்டும் மட்டும் இழுத்தேன். இனி இழுக்க இடமில்லை என்றபிறகு குசினிக்குக் கொண்டுபோய், இளஞ்சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினேன். தண்ணீர் கொஞ்சம் மங்கலாக வந்தது. பிழிந்தேன். உங்களை நான் பிழிந்து தொட்டிக்குள் ஊற்றினேன். வேறெப்படி அதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் வைத்ததும் நாக்கை நீட்டினாள். பிறகு நேரே போய் இடக்கைக்குள் நுழைந்தாள். வலக்கையும் கிடந்தது. இடக்கைக்குள்தான் போனாள். வைத்தியர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இடக்கைக்குள்தான் போனாள்.

மறுநாள் சுவெற்றரின் கைவிளிம்பால் தலை வந்தது. கண் இரண்டும் கறுத்த மணிபோலத் தெளிந்திருந்தன. இழுபட்டு இழுபட்டு முழு உடம்பும் வெளியே வந்து, யன்னல் வெளிச்சத்தில் அந்த நீலமும் பச்சையும் ஊதாவும் ஓடின. வடிவு, இஞ்சாருங்கோ, சரியான வடிவு. அன்று சொல்லாததை இன்று வெறுங்கதிரையைப் பார்த்துச் சொன்னேன். கிழிந்த தோலெல்லாம் உள்ளே கிடந்தது. சுவெற்றரை எடுத்து மணந்து பார்த்தேன். ஈரக் கம்பளி, பாம்பு, தும்பு. மறுபக்கம் திருப்பினேன். கழுத்துப் பட்டி, கக்கத்தடி, எல்லாம் தேடினேன். நீங்கள் ஒரு மூலையிலும் இல்லை. செத்தவீட்டில் அழாதவள் அன்று கீழ்மாடிச் சனம் கதவைத் தட்டும்மட்டும் குளறினேன்.

இந்தப் பாம்புகள் நன்றாகப் பார்த்தால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்குமாம். ராசாத்தி இன்னும் இளசு. அதைக் கேட்டதும் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை காலைகள் எழும்பவேண்டும், அத்தனை காலைகளும் நீங்கள் இருக்கமாட்டீர்கள். மகள் இப்போது றெஸ்கியூ கதை எடுப்பதில்லை. எலி வாங்கிவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு தந்துவிட்டுப் போகிறாள். நான் அதை ஐஸ்கிறீம் டப்பாவில்தான் போட்டுவைக்கிறேன்.

தண்ணீர் விசிறிவிடச் சொன்னீர்கள். விசிறுகிறேன். விடிந்தால் அதற்காகத்தான் கட்டிலால் இறங்குகிறேன், வேறொன்றுக்கும் இல்லை. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், கோபத்தோடு.

இன்று விசிறி முடிய, கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டில் ஏறி, நாக்கை நீட்டி நீட்டி, என் சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கையடியில் சுருண்டுகொண்டாள். நான் உங்கள் கதிரையில், அந்தக் கையை அசைக்காமல் இருந்தேன். அவள் உங்களைத் தேடவில்லை. சூட்டைத்தான் தேடினாள். இந்த வீட்டில் சூடுள்ள உடம்பு இப்போது நான் ஒருத்திதான்.